குருதியின் மேல் பழிபோட்ட காலத்தில் கணக்குப் பார்த்த மருத்துவர்: லயனல் பென்ரோஸ்

1945ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு பேராசிரியர் இருக்கை நிரப்பப்பட்டது. கால்டன் இனமேம்பாட்டியல் இருக்கை என்பது அதன் பெயர். மனிதரை நல்ல பிறப்பு, தாழ்ந்த பிறப்பு எனப் பிரித்து, முன்னவரைப் பெருக்கவும் பின்னவரைக் குறைக்கவும் ஓர் அறிவியல் வேண்டும் என்று எண்ணி, அதற்கு யூஜெனிக்ஸ் எனப் பெயரிட்ட பிரான்சிஸ் கால்டன் தம் உயில்வழி விட்டுச்சென்ற செல்வத்தால் 1911இல் உருவான இருக்கை அது. முதலில் அமர்ந்தவர் கார்ல் பியர்சன். அடுத்தவர் ரொனால்டு ஃபிஷர். இன்று நம் கல்லூரிகளில் புள்ளியியல் படிக்கும் எந்த மாணவரும் இவ்விருவர் பெயரையும் தவிர்த்துவிட்டுத் தேர்வெழுத முடியாது. ஒட்டுறவுக் கெழுவும் மாறுபாட்டுப் பகுப்பாய்வும் இவர்கள் வழியே வந்தவை. அதே பியர்சன்தான் 1925இல் தாம் தொடங்கிய இனமேம்பாட்டியல் ஆண்டேட்டின் முதல் இதழிலேயே, இலண்டனில் குடியேறிய யூதக் குழந்தைகளை அளந்து, அவர்கள் உள்ளூர்க் குழந்தைகளினும் தாழ்ந்தவர்கள் என்று எழுதினார். கருவி கூர்மையானது, அது யாரை நோக்கித் திருப்பப்பட்டது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

மூன்றாவதாக அந்த இருக்கைக்கு வந்தவர் இனமேம்பாட்டியலை நம்பாத ஒரு மருத்துவர். லயனல் ஷார்ப்பிள்ஸ் பென்ரோஸ். இருபது ஆண்டுகள் அங்கிருந்து, அந்த இருக்கையின் பெயரையே மாற்றிவிட்டுப் போனார். மனநோயும் அறிவுக் குறைபாடும் குருதிவழி இறங்குகின்றனவா என்ற கேள்விக்கு நேர்மையாகக் கணக்குப் போடும் முறைகள் சிலவற்றை உருவாக்கித் தந்தவரும் அவரே.

1898 சூன் 11 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் டாயில் பென்ரோஸ் ஓவியர். தாய் எலிசபெத் ஜோசஃபின் பெக்கோவர் செல்வ வளம் மிக்க வங்கியாளர் குடும்பத்தவர். இரு வழியும் குவேக்கர் சமயத்தார். போரை ஒப்பாதவர்கள், ஆடம்பரம் தவிர்த்தவர்கள், ஆனால் வறுமையை அறியாதவர்கள். நான்கு மகன்களில் இரண்டாமவர் லயனல். தம்பி ரோலண்ட் பின்னாளில் மீமெய்யிய ஓவியராகப் பெயர் பெற்றார். முதல் உலகப் போர் வந்தபோது லயனல் துப்பாக்கி ஏந்த மறுத்து, குவேக்கர்களின் மருத்துவ ஊர்திப் பிரிவில் சேர்ந்து பிரான்சில் காயம்பட்டோரைச் சுமக்கும் பணியில் இருந்தார். போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் கணிதத் தருக்கமும் மெய்யியலும் பயின்றார். உளவியல் ஆர்வம் அவரை வியன்னாவுக்கு இட்டுச் சென்றது. ஃபிராய்டின் நகரத்தில் சில காலம் கழித்த பிறகு, மனநோயைப் புரிந்துகொள்ள மருத்துவமே கற்க வேண்டும் என்ற முடிவுடன் திரும்பினார். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயின்று 1928இல் மருத்துவரானார். அவ்வாண்டே மருத்துவரான மார்கரெட் லீத்ஸை மணந்தார். கார்டிஃப் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய நாள்களில் மனச்சிதைவு நோயாளர் ஒருவரைப் பற்றி ஆராய்ந்து 1930இல் மேற்பட்டம் பெற்றார்.

இதன் பின்னர் அவர் சென்ற இடம்தான் அவரை ஆக்கியது. இங்கிலாந்தின் கிழக்கே கோல்செஸ்டர் ஊரிலிருந்த ராயல் ஈஸ்டர்ன் கவுன்டீஸ் நிறுவனம், அறிவுக் குறைபாடு உடையோர் என்று முத்திரையிடப்பட்டவர்களை அடைத்துவைத்த இடம். அடைத்துவைத்த என்ற சொல்லைத் தெரிந்தே இடுகிறேன். 1913ஆம் ஆண்டின் மனக்குறைபாட்டுச் சட்டம் மனிதரை நான்கு வகையாகப் பிரித்து, ஆண்டுக் கணக்கில் காவலில் வைக்க வழிசெய்திருந்தது. வறியோர் உதவியில் வாழும் பெண்ணொருத்தி மணமாகாமல் குழந்தை பெற்றால், குறைபாடுடையவர் என்ற முத்திரையுடன் அவரையும் இச்சட்டத்தின் கீழ் உள்ளே அனுப்பலாம். ஏழ்மையும் பால் ஒழுக்கமும் வகுப்பும் ஒன்றாகக் குழைந்து மருத்துவச் சொல்லாக வெளிவந்த சட்டம் அது. குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கண்ட நாட்டவர்க்கு இந்த வகைச் சட்டத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டையும் இயற்றியது ஒரே நாடாளுமன்றம் அன்று. ஆனால் பிறப்பிலேயே குற்றமும் குறையும் இருக்கின்றன என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது.

பென்ரோஸ் அங்கு ஆய்வு மருத்துவராகச் சேர்ந்த காலத்தில் பிரிட்டனில் கட்டாயக் கருத்தடை பற்றிய பேச்சு உச்சத்தில் இருந்தது. 1929இல் வெளிவந்த வுட் குழு அறிக்கை, மக்கள்தொகையின் அடித்தட்டில் ஒரு பத்து விழுக்காட்டினர் சமூகச் சிக்கல் கூட்டம் என்றும், பெரும்பாலான மனக்குறைபாடு அங்கிருந்தே பிறக்கிறது என்றும் கூறியிருந்தது. அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1927இலேயே கட்டாயக் கருத்தடைக்கு ஒப்புதல் தந்துவிட்டது. ஜெர்மனியில் 1933 சூலையில் சட்டம் வந்தது. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரின் உடல் அச்சட்டத்தால் அறுக்கப்பட்டது. பிறகு வந்தது கொலை: 1940, 1941 ஆண்டுகளில் மட்டும் நச்சுவாயு அறைகளில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் கொல்லப்பட்டனர். இவற்றுக்கெல்லாம் எண்கள் தேவைப்பட்டன. எண்களைத் தந்தவர்கள் மருத்துவர்கள்.

அந்த எண்கள் எப்படிப் பிறந்தன, எங்கே பிழைபட்டன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பென்ரோஸின் வாழ்வே அந்தப் பிழைகளோடு நடந்த வழக்கு.

ஒரு நோய் ஒடுங்கு மரபணுவால் வருவது என்று கொள்வோம். தாய் தந்தை இருவரும் நலமாக இருப்பர். ஆனால் இருவரிடமும் அந்த மரபணு ஒவ்வொன்று மறைந்திருக்கும். இவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இத்தகைய 16 குடும்பங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 9 குடும்பங்களில் இரு குழந்தைகளும் நலமாயிருப்பர். 6 குடும்பங்களில் ஒரு குழந்தைக்கு நோய் இருக்கும். ஒரேயொரு குடும்பத்தில் இருவருக்கும் நோய். இப்போது மருத்துவமனை வாசலில் நின்று எண்ணுங்கள். நலமான 9 குடும்பங்களும் அங்கே வரவே வரமாட்டா. வந்த 7 குடும்பங்களில் 14 குழந்தைகள். நோயுற்றோர் 8 பேர். நான்கில் ஒன்று என்றிருக்க வேண்டிய பங்கு பாதிக்கும் மேலாகிவிட்டது. வாசலில் நின்று எண்ணியவர், இந்தக் குடும்பங்களின் குருதியே கெட்டது என்று எழுதிவிட்டுப் போவார். அவர் பொய் சொல்லவில்லை. யாரை எண்ணாமல் விட்டோம் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

இதற்கு ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் 1912 அளவில் ஒரு திருத்தம் தந்தார். நோயுற்ற ஒவ்வொருவரையும் வாயிலாகக் கொண்டு, அவரை விலக்கிவிட்டு, அவருடைய உடன்பிறந்தோரை மட்டும் எண்ண வேண்டும். மேற்சொன்ன கணக்கில் 6 குடும்பங்களிலிருந்து நலமான 6 உடன்பிறப்புகள். இருவரும் நோயுற்ற குடும்பத்திலிருந்து, ஒருவர்க்கு மற்றவராக, நோயுற்ற 2 பேர். எட்டில் இரண்டு. நான்கில் ஒன்று தானே திரும்பி வந்துவிடுகிறது.

மியூனிக்கின் எர்ன்ஸ்ட் ரூடின் இதே முறையைக் கொண்டுதான் 1916இல் மனச்சிதைவு நோயாளரின் உடன்பிறந்தோரைக் கணக்கிட்டார். மெண்டலின் விகிதம் எதுவும் அந்நோய்க்கு நேராகப் பொருந்தவில்லை. கணக்கு அங்கே அவருக்கு ஓர் எச்சரிக்கை தந்தது. ஆயினும் 1933 கருத்தடைச் சட்டத்தின் விளக்கவுரையை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். திருத்தமான கணிதம் ஒருவரைத் திருத்திவிடும் என்று நம்புவோர் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கோல்செஸ்டரில் பென்ரோஸ் ஏழாண்டு உழைத்தார். 1280 நோயாளர், அவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர் ஆறாயிரத்துக்கும் மேல். நோயாளரைச் சோதித்ததோடு நில்லாமல் வீடு வீடாகச் சென்று உறவினரையும் கண்டனர். 1938இல் மருத்துவ ஆய்வு மன்றத்தின் வெளியீடாக வந்த அந்த அறிக்கை கோல்செஸ்டர் ஆய்வு என்றே பெயர் பெற்றது. மனக்குறைபாடு என்பது ஒரு பொருளன்று என்பதே அதன் அடிப்படைக் கண்டுபிடிப்பு. பிறப்புக் காயம், தொற்று, அரிய ஒடுங்கு மரபணுக்கள், குரோமோசோம் சார்ந்தவை, வெறும் கல்வி மறுப்பு எனப் பல காரணங்கள் ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டிருந்தன. கடுமையான குறைபாடு உடையோரின் பெற்றோர் பெரும்பாலும் இயல்பான அறிவுடையோர். அவர்கள் எல்லா வகுப்பிலும் இருந்தனர், செல்வர் வீடுகளிலும் இருந்தனர். வறியவர் தெருவில் மிகுதியாகக் காணப்பட்டது இலேசான குறைபாடு மட்டுமே. அங்கே வறுமையையும் மரபையும் பிரித்தறிவது எளிதாக இல்லை. அடித்தட்டு மக்களைக் கருத்தடை செய்தால் குறைபாடு ஒழியும் என்ற வாதத்தின் காலை இந்த அட்டவணைகள் உடைத்தன.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. அந்த 1280 பேரும் கேட்கப்பட்டு வந்தவர்கள் அல்லர். அவர்கள் அளக்கப்பட்டார்கள், குருதி எடுக்கப்பட்டது, வகைப்படுத்தப்பட்டார்கள். பென்ரோஸும் அக்காலத்தின் இழிசொற்களையே தம் கட்டுரைகளில் வகைப்பெயர்களாகக் கையாண்டார். அவர் அவர்களிடம் அன்பாக இருந்தார் என்று உடன் பணியாற்றியோர் பலர் பதிவு செய்துள்ளனர். அன்பு வேறு, உரிமை வேறு.

அவருக்கு மிக நெருக்கமாக இருந்தவர்கள் இன்று டவுன் நோய்க்குறி உடையோர் என நாம் சொல்வோர். அன்று அவர்களுக்கு மங்கோலியர் என்று பெயர். 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்ற மருத்துவர், வெள்ளைப் பெற்றோர்க்குப் பிறந்த இக்குழந்தைகள் தாழ்ந்த இனம் ஒன்றுக்குப் பின்வாங்கியவர்கள் எனக் கருதி இட்ட பெயர் அது. 1920களில்கூட அதை நூலாக எழுதி விற்றார்கள். பென்ரோஸ் செய்தது எளிய செயல்: 1932இல் அவர்களின் குருதி வகைகளைக் கணக்கெடுத்தார். ஆசிய மக்களிடம் காணப்படும் விகிதத்தில் அவை இல்லை. மற்ற ஆங்கில நோயாளரிடம் காணப்பட்ட விகிதத்திலேயே இருந்தன. இனக் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பெயர் மட்டும் மேலும் முப்பதாண்டு உயிரோடிருந்தது. 1961இல் அப்பெயரைக் கைவிட வேண்டும் என்று மருத்துவ இதழ் லான்செட்டுக்கு 19 அறிஞர்கள் மடல் எழுதினர். கையொப்பமிட்டோருள் பென்ரோஸும் ஒருவர்.

காரணம் என்ன என்ற கேள்வி எஞ்சியது. தாயின் கருப்பை பல பேறுகளால் களைத்துப்போனதே காரணம் என்றனர் சிலர். தந்தையின் குடியும் பால்வினை நோயும் என்றனர் வேறு சிலர். கடைக்குட்டிகளிடம் இது மிகுதி என்பது மட்டும் எல்லாரும் கண்ட உண்மை. சிக்கல் என்னவெனில், பிறப்பு வரிசை கூடும்போது தாயின் வயதும் கூடும், தந்தையின் வயதும் கூடும். மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. பகுதி ஒட்டுறவு என்ற கருவியைக் கொண்டு பென்ரோஸ் இந்த முடிச்சை அவிழ்த்தார். தாயின் வயதை நிலையாக நிறுத்திவிட்டுத் தந்தையின் வயதை மட்டும் மாற்றிப் பார்த்தால் விளைவு மறைந்துவிடுகிறது. தந்தையை நிறுத்திவிட்டுத் தாயின் வயதை மாற்றினால் விளைவு அப்படியே நிற்கிறது. பிறப்பு வரிசையும் இதே சோதனையில் தோற்றது. 1933, 1934 ஆண்டுகளில் வெளிவந்த இவ்விரு கட்டுரைகளும் பழியின் இடத்தில் காரணத்தை வைத்தன. குடியும் ஒழுக்கக்கேடும் கருப்பைக் களைப்பும் வெளியேறின. தாயின் வயது என்ற உயிரியல் செய்தி மட்டும் மிஞ்சியது. அதன் அடியில் இருந்தது மிகையான ஒரு குரோமோசோம் என்பதை 1959இல் பிரான்சில் லெஜ்யூனும் உடன் ஆய்ந்தோரும் காட்டினர்.

ஒரு தாயிடம் அவள் செய்த பாவம் எதுவும் இல்லை என்று சொல்ல ஓர் ஒட்டுறவுக் கெழு தேவைப்பட்டது.

1935இல் அவர் எழுதிய ஆறு பக்கக் கட்டுரை ஒன்று அக்காலத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. இன்றைய மனநோய் மரபியலின் வேர்களுள் அதுவும் ஒன்று. ஒரு நோயின் மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், அதன் அருகில் அமைந்து அதனோடு சேர்ந்தே பயணம் செய்யும் வேறொரு பண்பைக் கண்டறிய வேண்டும். இதற்குப் பெரிய குடும்பங்கள், மூன்று தலைமுறைப் பதிவுகள், பெற்றோரின் சோதனை எல்லாம் தேவை என்று கருதப்பட்டது. அடைக்கப்பட்ட நோயாளருக்குப் பெற்றோர் எங்கே? பலர் கைவிடப்பட்டவர்கள். எனவே பென்ரோஸ் பெற்றோரையே கேட்காத ஒரு முறையை வகுத்தார். உடன்பிறந்த இருவரை எடுத்துக்கொள். இரண்டு பண்புகளைப் பார், குருதி வகையும் தலைமுடி நிறமும் என்பது போல. முதற் பண்பில் இருவரும் ஒத்திருக்கிறார்களா, வேறுபடுகிறார்களா? இரண்டாம் பண்பில்? இப்படி நூற்றுக்கணக்கான இணைகளை நான்கு கட்டங்களில் இடு. இரு மரபணுக்களும் அருகருகே இருந்தால், இரண்டிலும் ஒத்தவர்களும் இரண்டிலும் வேறுபட்டவர்களும் எதிர்பார்த்ததைவிட மிகுந்து நிற்பர். ஒன்றில் ஒத்து மற்றொன்றில் வேறுபடுவோர் குறைவர். தொடர்பில்லையேல் நான்கு கட்டங்களும் தற்செயலின் விகிதத்திலேயே நிரம்பும். காகிதமும் பென்சிலும் போதும்.

உடன்பிறந்தோர் இணை முறை எனப்படும் இதுவே பின்னாளில் விரிந்து, மனச்சிதைவும் இருமுனை நோயும் உடைய உடன்பிறப்புகளைத் தேடி உலகெங்கும் ஆய்வர்கள் புறப்படக் காரணமாயிற்று. இலட்சக்கணக்கான குறியிடங்களைக் கணினியில் ஒப்பிடும் இன்றைய முறை இதைக் கடந்து வெகுதூரம் போய்விட்டது. மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களை 2022இல் ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு வெளியிட்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஆய்வில் இடம்பெற்றோருள் பெரும்பான்மையர் ஐரோப்பிய வழித்தோன்றல்கள் ஆதலால், அவற்றைக் கூட்டிச் செய்யும் இடர் மதிப்பெண் பிற மக்களிடம் சரிவரப் பொருந்துவதில்லை. யாரை எண்ணாமல் விட்டோம் என்ற பழைய கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது.

1934இல் நார்வேயின் ஃபோலிங் என்ற மருத்துவர், அறிவு வளர்ச்சி குன்றிய சிலரின் சிறுநீரில் ஒரு வேதிப்பொருளைக் கண்டார். பெரிக் குளோரைடு இட்டால் பச்சையாக மாறும். செய்தி கேட்டதும் பென்ரோஸ் கோல்செஸ்டர் நோயாளரின் சிறுநீரைச் சோதித்து பிரிட்டனில் முதல் நோயாளரைக் கண்டார். குடும்பங்களை ஆராய்ந்து அது ஒடுங்கு மரபணுவால் வருவது எனக் காட்டினார். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பெயரும் அவரும் குவாஸ்டெலும் இட்டதே. உணவை மாற்றினால் நோய் தணியுமா என்று அப்போதே முயன்றும் பார்த்தார், கைகூடவில்லை.

இந்த நோயைத்தான் அவர் கால்டன் இருக்கையில் அமர்ந்ததும் தம் தொடக்கவுரையின் பொருளாக எடுத்தார். இனமேம்பாட்டியல் பேராசிரியர் இனமேம்பாட்டியலுக்கு எதிராகத் தொடங்கிய உரை. அதன் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். நோய் 40,000 பிறப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த மரபணுவின் பங்கு 200இல் ஒன்று. அதை மறைவாகச் சுமப்போர் ஏறத்தாழ 100 பேரில் ஒருவர். நோயாளர் ஒருவருக்கு நலமாகத் திரியும் 400 பேர். நோயாளரை மட்டும் தலைமுறை தோறும் கருத்தடை செய்துகொண்டே போனால், மரபணுவின் பங்கு பாதியாக 200 தலைமுறை ஆகும். ஏறத்தாழ 5000 ஆண்டு. இந்நோயாளர் முன்பே பிள்ளை பெறுவது அரிது என்பதால் உண்மையில் அந்தப் பயனும் இல்லை. மரபணுவையே ஒழிக்க வேண்டுமானால் நாட்டில் நூற்றுக்கு ஒருவரை, எவ்விதக் குறையும் இல்லாதவரை, அறுக்க வேண்டும். அப்போதைய பதிவுகளில் யூதரிடமும் கறுப்பின மக்களிடமும் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. குருதித் தூய்மை பேசியோரின் தருக்கப்படி, கலப்பால் தூய்மைப்படுத்தப்பட வேண்டியது ஐரோப்பியக் குருதிதான். போர் முடிந்து சில திங்களே ஆகியிருந்த நேரத்தில் அவையோர் அதைக் கேட்டனர்.

1953இல் பர்மிங்காமில் பிக்கலும் உடனிருந்தோரும் ஃபினைலலனைன் குறைந்த உணவால் ஒரு குழந்தையின் நிலையைத் தேற்றிக் காட்டினர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கத்ரி, பிறந்த குழந்தையின் ஒரு துளிக் குருதியில் நோயைக் கண்டறியும் சோதனையைத் தந்தார். முற்றிலும் மரபுவழி வரும் ஒரு நோய் உணவுத் தட்டில் தடுக்கப்பட்டது. மரபு என்றால் விதி என்று பொருள்கொள்வோர் இந்த நோயைக் கடந்துதான் செல்ல வேண்டும்.

நடுவில் கனடாக் காலம். 1939இல் ஒண்டாரியோ சென்று போர் முடியும் வரை அங்கே மனநல ஆய்வை வழிநடத்தினார். அங்குள்ள மனநல மருத்துவமனைகளில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர் இருந்தால் அந்த இணையைப் பதிவு செய்து, ஆயிரக்கணக்கில் திரட்டினார். அந்த ஆய்வு முழுமையாக அச்சேறியது அவர் இறந்து பல ஆண்டு கழித்து, 1991இல்தான். 1939இல் வெளியான வேறொரு சிறு கட்டுரை மட்டும் அவர் பெயரால் விதி என்றே வழங்கலாயிற்று. 18 ஐரோப்பிய நாடுகளில் மனநல மருத்துவமனைப் படுக்கைகளும் சிறையில் இருப்போர் தொகையும் எதிரெதிராக நகர்கின்றன என்று கண்டார். படுக்கை குறைந்த நாட்டில் சிறை நிரம்புகிறது. இது காரண காரியமா, இரண்டின் பின்னும் வேறேதும் உண்டா என்று இன்றும் வாதிடுகிறார்கள். வாதம் நடக்கட்டும். மருத்துவம் கிட்டாத மனநோயாளர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று சிறைகளுக்குச் சென்று வந்த வழக்குரைஞர்களைக் கேட்டால் தெரியும்.

நாற்பதுகளின் இறுதியில் பிரிட்டனில் வேறோர் அச்சம் பரவியது. ஏழைகள் மிகுதியாகப் பிள்ளை பெறுகிறார்கள், அவர்கள் அறிவுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெறுகிறார்கள், எனவே நாட்டின் அறிவு தலைமுறைக்குத் தலைமுறை சரியும் என்று சைரில் பர்ட் போன்ற புகழ்பெற்ற உளவியலாளர் கணித்தனர். தகுதி என்ற சொல்லை இட ஒதுக்கீட்டுப் பேச்சு எழும்போதெல்லாம் கேட்டுப் பழகிய நமக்கு இந்த அச்சத்தின் குரல் புதிதன்று. பென்ரோஸ் 1948இல் இதற்கு மறுப்பு எழுதினார். கடுங்குறைபாடு உடையோர் பிள்ளை பெறுவதே இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏழைகளின் மகப்பேறு மிகுந்திருந்தும் சராசரி மாறாமல் சமநிலையில் நிற்கக்கூடும் என்று ஒரு மாதிரியைக் காட்டினார். ஸ்காட்லாந்தில் 1932இல் பதினோரு வயதுப் பிள்ளைகள் அனைவரையும் சோதித்திருந்தார்கள். 1947இல் மறுபடியும் அதே சோதனை. முடிவு 1949இல் வந்தது. சராசரி சரியவில்லை, சற்று உயர்ந்திருந்தது.

பிறப்பே தகுதி என்ற வாதம் இந்தியாவிலும் அதே காலத்தில் அறிவியல் உடை அணிந்தது. சாதி என்பது இனமேம்பாட்டு ஏற்பாடு என்று சொன்னோருக்கு அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே, சாதி ஒழிப்பு நூலில், அவர்கள் களத்திலேயே நின்று விடை தந்தார். இருவரும் ஒருவரையொருவர் படித்ததாக நான் சொல்ல வரவில்லை. கோல்செஸ்டரில் அட்டவணைகள் நிரம்பிக்கொண்டிருந்த ஆண்டு அது.

எல்லாவற்றிலும் பென்ரோஸ் சரியாக இருந்தாரா என்றால், இல்லை. தலைமுறை தோறும் நோய் இளவயதில் வந்து கடுமையாகிறது என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. குடும்பம் சீரழிகிறது, அழியட்டும் என்பதற்கு அது சான்றாகப் பயன்பட்டது. 1948இல் தசைத்தளர்ச்சி நோய் ஒன்றின் குடும்பப் பதிவுகளைக் கொண்டு, இது தெரிவுப் பிழையால் எழும் தோற்றம் என்று அவர் காட்டினார். இளவயதிலேயே நோயுற்றவர் பெற்றோராவது அரிது. எனவே பதிவில் வரும் பெற்றோர் எல்லாம் தாமதமாக நோயுற்றவர்கள். பிள்ளைகளோ எந்த வயதிலும் நோயுற்றவர்கள். ஒப்பீடே கோணலானது. வாதம் அழகானது, ஒரு தலைமுறை அறிஞரை அது கட்டிப்போட்டது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட நோயில் மரபணுவின் ஒரு துண்டு தலைமுறை தோறும் உண்மையாகவே நீள்கிறது என்று 1992இல் தெரியவந்தது. நோயாளர் குடும்பங்கள் கண்டு சொன்னது சரியாயிருந்தது. தீய கொள்கை ஒன்றை மறுக்கும் ஆர்வத்திலும் உண்மை தவறக்கூடும்.

1954இல் பியர்சனின் இதழுக்கு மனித மரபியல் ஆண்டேடு என்று பெயர் மாற்றினார். இருக்கையின் பெயரை மாற்றுவது கடினமாக இருந்தது. கால்டனின் உயில் சட்டமாக நின்றது. 1963இல்தான் அது மனித மரபியல் இருக்கையானது. கல்லூரியில் அவருடன் பணியாற்றிய ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து கல்கத்தாவின் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்து, இங்கேயே இறந்தார். பென்ரோஸ் இலண்டனிலேயே இருந்தார். 1951இல் போரைத் தடுக்கும் மருத்துவர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முன்னணியில் நின்றார். மகன் ரோஜருடன் சேர்ந்து ஏற முடியாத படிக்கட்டு ஒன்றை வரைந்தார். ஓவியர் எஷர் அதைப் புகழ்பெறச் செய்தார். ரோஜர் 2020இல் இயற்பியல் நோபல் பெற்றார். இளைய மகன் ஜொனாதன் பிரிட்டனின் சதுரங்க வாகையர் பட்டத்தைப் பத்து முறை வென்றார். மரபின் ஆற்றலுக்கு இக்குடும்பத்தையே சான்று காட்டுவோர் உண்டு. வங்கியாளர் பேரனுக்குப் பிறந்த பிள்ளைகள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

கையின் ரேகைகளை அளப்பதும் அவர் நெடுங்காலம் செய்த வேலை. கைரேகை நம் நாட்டில் எதற்குப் பயன்பட்டது என்பது தெரிந்ததே. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பதிவு செய்யப்பட்டோரின் விரல் பதிவை எடுக்க அதிகாரம் தந்தது. அந்த அறிவின் முன்னோடிகளுள் ஒருவர் இதே கால்டன். பென்ரோஸ் அதே ரேகைகளில் குரோமோசோம் கோளாறுகளின் அடையாளத்தைத் தேடினார்.

1965இல் ஓய்வு பெற்றபின் அவர் வீட்டில் இருக்கவில்லை. ஹார்ப்பர்பரி மருத்துவமனையில் அறிவுசார் குறைபாடு உடையோர் நடுவே கென்னடி-கால்டன் மையத்தை அமைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1972 மே 12 அன்று இறந்தார். அவருடைய ஆறு பக்கக் கட்டுரையின் கருத்தை அளவிடத்தக்க பண்புகளுக்கு விரித்து ஹேஸ்மன், எல்ஸ்டன் என்ற இருவர் எழுதிய ஆய்வு வெளிவந்ததும் அவ்வாண்டே. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி தன் கட்டடங்களிலிருந்து கால்டன், பியர்சன் பெயர்களை நீக்கியது 2020இல். இனமேம்பாட்டியலுக்கு இடமளித்ததற்காக அது மன்னிப்புக் கோரியது 2021 சனவரியில்.